மேல் செட் நிற்கிறது, கீழ் செட் ஏன் மிதக்கிறது?

பல் செட் கட்டிக்கொண்ட பெரியவர்கள் மருத்துவரிடம் திரும்பி வந்து சொல்லும் புகார்களில் ஒன்று எந்த ஊரிலும் ஒரே மாதிரி இருக்கும். "மேல் செட் ஜம்முன்னு நிக்குது டாக்டர். கீழ் செட்தான் வாயைத் திறந்தாலே எழும்பி வந்துடுது."

யோசித்துப் பார்த்தால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? மேல் செட் அந்தரத்தில் தொங்குகிறது. புவியீர்ப்பு அதைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. கீழ் செட்டுக்கோ அதே புவியீர்ப்பு துணை. முழுப் பல் செட்டில் பசை இல்லை, திருகு இல்லை, பிடித்துக்கொள்ள வாயில் ஒரு பல்கூட மிச்சமில்லை. அப்படியும் விழ வேண்டியது நிற்கிறது, உட்கார வேண்டியது மிதக்கிறது.

விடை எச்சிலில் இருக்கிறது. இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அழுத்திப் பாருங்கள். பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வரும். நேராகப் பிரிக்க முயன்றால் லேசில் வராது. செட்டின் உட்பக்கத்துக்கும் ஈறுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய எச்சில் படலம் செய்வதும் இதைத்தான். படலத்தின் விளிம்பில் பரப்பு இழுவிசை பிடித்து நிற்கிறது. அதோடு, செட்டும் ஈறும் பிரிய வேண்டுமானால் விளிம்பு வழியாகத் திரவம் உள்ளே ஓடி வர வேண்டும்; பாதை குறுகலாக இருந்தால் அது எளிதில் ஓடாது. ஆஸ்திரிய இயற்பியலாளர் யோசஃப் ஸ்டெஃபான் 1874-இல் இந்த ஒட்டுதலுக்குக் கணக்குப் போட்டார். வட்டத் தட்டுகள் இரண்டுக்கு நடுவே உள்ள இடைவெளி பாதியானால், அவற்றை அதே வேகத்தில் பிரிக்கத் தேவைப்படும் விசை எட்டு மடங்காகிறது. தட்டின் விட்டம் இரட்டித்தால் பதினாறு மடங்கு. செட் ஈறோடு எவ்வளவு நெருங்கிப் படிகிறது, எவ்வளவு பரப்பை மூடுகிறது என்ற இரண்டு கேள்விகளுக்குள் பல் கட்டும் கலையின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

கீழ் செட் தோற்பது இங்கேதான். பல்லெல்லாம் போன மேல் தாடையில் செட் உட்காரக் கிடைக்கும் பரப்பு சராசரியாகச் சுமார் 23 சதுர சென்டிமீட்டர். கீழே சுமார் 12 மட்டும். மேலே அண்ணம் முழுவதும் ஒரே விரிப்பாகக் கிடைக்கிறது; கீழே நடுவில் நாக்கு இருப்பதால் குதிரை லாட வடிவில் ஒரு குறுகிய மேடு மட்டும் மிஞ்சுகிறது. அந்த நாக்கும் சும்மா இருப்பதில்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. பரப்பு இழுவிசை வேலை செய்ய வேண்டுமானால் படலத்தின் விளிம்பு காற்றைத் தொட வேண்டும். கீழ் வாயிலோ எச்சில் குளமாகத் தேங்குகிறது. செட்டின் விளிம்பு எப்போதும் அதில் மூழ்கிக் கிடக்கிறது. மூழ்கிய விளிம்பில் அந்தப் பிடிமானம் போய்விடுகிறது. ஆகவே கீழ் செட்டை நிறுத்தி வைப்பது பெரும்பாலும் கன்னமும் உதடும் நாக்கும்தான். இந்தத் தசைகள் பழகச் சில வாரங்கள் பிடிக்கும். முதல் நாளே மருத்துவரோடு சண்டைக்குப் போவதில் பொருளில்லை.

பழைய காலத்துச் செட்டுகளைப் பார்த்தால் இந்தக் கணக்கின் அருமை புரியும். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1789-இல் பதவியேற்றபோது அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றுதான் இருந்தது. மரப் பல் வைத்திருந்தார் என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தம், ஈயம், மனிதப் பல், விலங்குப் பல் என்று பலவும் சேர்ந்தவை அவருடைய செட்டுகள். தந்தத்தை எவ்வளவு இழைத்தாலும் ஈறின் மேடு பள்ளத்துக்கு அப்படியே பொருந்தாது. இடைவெளி பெரிதாக இருந்ததால் எச்சிலால் பிடிக்க முடியவில்லை. அதனால் மேல் செட்டையும் கீழ் செட்டையும் உலோகச் சுருள்வில்லால் இணைத்து, இரண்டும் எதிரெதிராகத் தள்ளிக்கொண்டு நிற்கும்படி செய்தார்கள். வாயை மூடி வைத்திருக்கவே பலம் வேண்டும். ஓவியங்களில் அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பார்கள்.

ஆனால் அவருக்கு இரண்டரை நூற்றாண்டு முன்பே ஜப்பானில் மரத்தால் செய்த பல் செட் வில் இல்லாமலே நின்றது. 1538-இல் இறந்த நகவோகா தெய் என்ற பெண் துறவியின் மேல் செட் இன்றும் இருக்கிறது. பாக்ஸ்வுட் மரத்தில் செதுக்கியது. அங்கே தச்சுவேலை கைவந்தவர்கள் ஈறில் சிவப்புச் சாயம் தடவி, மரத்தில் சாயம் பட்ட இடங்களை மட்டும் இழைத்து இழைத்துப் பொருத்தினார்கள். இன்று நம் ஊர் கிளினிக்கில் செய்வதும், கொஞ்சம் பொறுங்கள், கிட்டத்தட்ட அதேதான்.

மேற்கில் திருப்புமுனை ரப்பரால் வந்தது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டியாக்கிய வல்கனைட்டை ஈறின் பிளாஸ்டர் அச்சின் மீதே வார்த்துவிட முடிந்தது, செலவும் குறைந்தது. அதற்கான காப்புரிமையை வைத்திருந்த குட்இயர் டென்டல் வல்கனைட் நிறுவனம் பல் மருத்துவர்களைக் கட்டணம் கேட்டு வழக்கு மேல் வழக்காகத் துரத்தியது. 1879-இல் சான் பிரான்சிஸ்கோ விடுதி ஒன்றில் அந்த நிறுவனத்தின் பொருளாளர் ஜோசையா பேக்கனை சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் மருத்துவர் சுட்டுக் கொன்றதில் போய் முடிந்தது அந்தப் பகை. வல்கனைட்டின் கறுத்த நிறம் மட்டும் ஈறோடு ஒட்டவே இல்லை. 1930-களின் பிற்பகுதியில் இளஞ்சிவப்பு அக்ரிலிக் வந்ததும் அது மூலைக்குப் போனது.

அக்ரிலிக்குக்கும் ஒரு குறை உண்டு. தூளையும் திரவத்தையும் கலந்து மாவுப் பதத்தில் அச்சுக்குள் அடைத்து, வெந்நீர்த் தொட்டியில் வேகவைப்பார்கள். 74 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம், பிறகு கொதிநீரில் ஒரு மணி நேரம் என்பது ஒரு வழக்கமான முறை. அவசரப்பட்டு எடுத்ததும் கொதிக்கவைத்தால், சுமார் 101 டிகிரியில் கொதிக்கும் அந்தத் திரவம் உள்ளேயே ஆவியாகி, கனமான பகுதிகளில் குமிழ் குமிழாகத் துளை விழுந்துவிடும். நிதானமாக வேகவைத்தாலும் கலவை கெட்டியாகும்போது கன அளவில் சுமார் 7 சதவீதம் சுருங்கும். இந்தச் சுருக்கம் மேல் செட்டில் அண்ணத்தின் பின்விளிம்பு நடுவில் ஓர் இடைவெளியாக வெளிப்படுகிறது. காற்று புக அந்த இடம் போதும், செட் இறங்கிவிடும்.

அதற்கு ஒரு மாற்று வழி வைத்திருக்கிறார்கள். வாயைத் திறந்து "ஆ" என்று சொல்லச் சொன்னால், அண்ணத்தின் பின்பகுதியில் எலும்பு முடிந்து தசை தொடங்கும் இடம் துடிப்பது தெரியும். அந்தக் கோட்டைப் பென்சிலால் குறித்து அச்சுக்கு மாற்றி, அங்கே பிளாஸ்டரைக் கொஞ்சம் சுரண்டிப் பள்ளமாக்கிவிடுவார் மருத்துவர். அச்சில் பள்ளம் என்றால் செட்டில் மேடு. அந்த மேடு மெத்தென்ற திசுவில் லேசாக அழுந்தி, சுருங்கியதால் வந்த சந்தை அடைத்துவிடுகிறது. ஒரு மில்லிமீட்டரையொட்டிய இந்தச் சுரண்டல் இல்லாவிட்டால் எத்தனை அழகான செட்டும் தும்மலுக்குத் தாங்காது. முன்னரே கெட்டியாக்கிய அக்ரிலிக் கட்டியிலிருந்து கணினி வழியே செட்டைக் குடைந்தெடுக்கும் புது முறையில் இந்தச் சுருக்கத் தொல்லை கிடையாது. ஆனால் விளிம்பு எங்கே முடிய வேண்டும் என்பதை அங்கேயும் மனிதக் கைதான் கண்டுபிடித்தாக வேண்டும்.

விளிம்பைக் கண்டுபிடிக்கும் அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் பொதுவான டிரேயில் அளவெடுத்து, அதிலிருந்து அந்த ஒருவரின் வாய்க்கென்றே ஒரு ஸ்பெஷல் டிரே செய்து வைத்திருப்பார்கள். பச்சை நிறத்தில் பல்பக் குச்சி போல இருக்கும் கிரீன் ஸ்டிக்கைச் சுடரில் காட்டி உருக்கி, டிரேயின் விளிம்பில் ஒரு பக்கத்துக்கு மட்டும் தடவுவார் மருத்துவர். வாய் சுட்டுவிடாமல் இருக்க வெந்நீரில் ஒரு முக்கு. உள்ளே வைத்ததும் கன்னத்தைப் பிடித்துக் கீழும் முன்னும் இழுப்பார். "பாட்டி, உதட்டைக் குவிங்க. இப்போ வாயைப் பெருசா திறங்க. நாக்கை வெளியே நீட்டுங்க." தசைகள் அசைந்து இளகிய மெழுகைத் தள்ளித் தாங்களே எல்லை வகுக்கும். வெளியே எடுத்துக் குளிர்ந்த நீரில் நனைத்து, விளிம்பு மழமழவென்று உருண்டிருக்கிறதா என்று பார்த்து, அடுத்த பக்கம். சரியாக முடித்த மேல் டிரேயைக் கழற்ற முயன்றால் "ப்ளக்" என்ற சத்தத்தோடுதான் வரும். பிறகு கிராம்பு எண்ணெய் மணக்கும் பசையை உள்ளே பூசிக் கடைசி அளவு. அரை மணி நேரத்துக்கு மேல் போகும் இந்த வேலையைத் தவிர்த்துவிட்டு, ஒரே அளவில் செட்டை முடித்துக் கொடுக்கிற இடங்கள் உண்டு. விலை மலிவாக இருப்பதற்கு ஒரு காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த கேள்வி உயரம். பல் இல்லாத வாயில், மேல் தாடையும் கீழ் தாடையும் எவ்வளவு தூரத்தில் சந்திக்க வேண்டும் என்று சொல்ல எந்த அடையாளமும் இல்லை. மெழுகுத் திட்டுகளை வாயில் வைத்து, நோயாளியை "அம்மா" என்று சொல்லச் சொல்வார்கள். 'ம்' ஒலிக்காக உதடுகள் சேரும்போது தாடை ஏறக்குறைய ஓய்வு நிலைக்கு வரும். அந்த நிலையில் மேலும் கீழும் 2 முதல் 4 மில்லிமீட்டர் விலகி இருக்க வேண்டும். உயரம் கூடிவிட்டால் பேசும்போது பல்லோடு பல் தட்டிக் கடகடக்கும், சாயங்காலத்துக்குள் ஈறு முழுக்க வலிக்கும், தாடை ஓய்ந்துபோகும். குறைந்தால் முகம் குறுகி, பத்து வயது கூடியது போலத் தெரியும். வாயின் ஓரங்களில் மடிப்பு விழுந்து எச்சில் தேங்கிப் புண்ணாகும். கீழ் தாடை பின்னால் எங்கே நிற்கும் என்பதும் இதே நாளில் முடிவாக வேண்டும். பல்லில்லாமல் பல நாள் இருந்தவர்கள் தாடையை முன்னால் தள்ளிக் கடிப்பார்கள். "நாக்கை மடிச்சு மேல் அண்ணத்துல பின்னாடி தொட்டுக்கிட்டே மெதுவா மூடுங்க" என்றால், தாடை தானாகப் பின்னுக்குப் போகும்.

மெழுகில் பல் அடுக்கி டிரையல் பார்க்கும் நாளில் வீட்டு ஆட்கள் யாராவது கூட வருவது நல்லது. அன்று எதையும் மாற்றலாம். வேகவைத்த பிறகு முடியாது. எழுபது வயதுக்காரர் இருபது வயதுப் பல் நிறம் கேட்டு அடம்பிடிப்பதும், மகள் தலையில் அடித்துக்கொள்வதும் அன்றைக்குத்தான் நடக்கும்.

செட் கைக்கு வந்த பிறகு தொடங்குவது துப்பறியும் வேலை. வலிக்கிறது என்று மட்டும் சொன்னால் போதாது. எங்கே, எப்போது என்று சொல்ல வேண்டும். கன்னமும் ஈறும் சேரும் மடிப்பில் கோடு போட்டது போலப் புண் வந்தால் அந்த இடத்தில் விளிம்பு நீளம். ஈறு மேட்டின் மீதே, சாப்பிடும்போது மட்டும் வலித்தால், கடியில் ஏதோ ஒரு பக்கம் முந்திக்கொண்டு இடிக்கிறது. செட்டின் உட்பக்கத்தை எவ்வளவு ராவினாலும் அது தீராது, கடியைத்தான் சரிசெய்ய வேண்டும். கொட்டாவி விட்டால் மட்டும் மேல் செட் இறங்குகிறதா? கன்னத்தின் பின்பக்க விளிம்பு தடிமனாக இருந்து, தாடை எலும்பின் முன்முனை அதைத் தட்டிவிடுகிறது. கன்னம் கடிபட்டால் பின்பற்களை அடுக்கியதில் குறை. முன்பல்லால் கொய்யாவைக் கடித்ததும் பின்னால் தூக்கிக்கொண்டு வந்தால் செட் மேல் குறை சொல்லாதீர்கள். அது கடிப்பதற்கானது இல்லை. துண்டு போட்டு, இரண்டு பக்கமும் வைத்து ஒரே நேரத்தில் மெல்ல வேண்டும்.

எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க, செட்டின் உட்பக்கத்தில் தூரிகையால் வெள்ளைப் பசையைத் தடவி வாயில் அழுத்தி எடுப்பார்கள். பசை விலகி இளஞ்சிவப்பு அக்ரிலிக் தெரிகிற இடம்தான் குற்றவாளி. அங்கே மட்டும் கொஞ்சம் ராவுவார்கள். ஜப்பானியத் தச்சர் சிவப்புச் சாயம் தடவியதும் இதற்குத்தான். இதில் பலர் செய்யும் தவறு ஒன்று: புண்ணானதும் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் புண் ஆறின வாயோடு மருத்துவரிடம் வருவார்கள். அவர் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்? போவதற்கு முந்தைய நாள் வலித்தாலும் செட்டைப் போட்டிருங்கள். சிவந்த இடம் அவர் கண்ணில் பட வேண்டும். வீட்டிலேயே உப்புத்தாளும் நகவெட்டி அரமும் வைத்து ராவுகிற சூரர்களுக்குக் கைகூப்பி ஒரு வேண்டுகோள்: வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தும் செட் நிற்கவில்லை என்றால் மாத்திரை டப்பாவைப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம், மன அழுத்தம், ஒவ்வாமை ஆகியவற்றுக்கான மருந்துகளில் பல, எச்சிலைக் குறைக்கின்றன. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோயும் வாயை உலர்த்தும். படலமே இல்லாத இடத்தில் ஸ்டெஃபானின் கணக்கு என்ன செய்யும்? பிடிமானம் போவதோடு, வறண்ட ஈறு உராய்ந்து புண்ணும் ஆகும்.

மற்றொரு காரணம் எலும்பு. இதை மட்டும் நோயாளிகள் நம்ப மறுக்கிறார்கள். பல் இருக்கும்வரை அதன் வேரைச் சுற்றியுள்ள நார்கள் எலும்பை இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு வரிசையில் அந்த நார்களின் மொத்தப் பரப்பு சுமார் 45 சதுர சென்டிமீட்டர். பல் போனதும் அந்த இழுப்பு நின்றுவிடுகிறது. செட் தருவது வெறும் அழுத்தம். எலும்பு கரையத் தொடங்குகிறது. ஆன்ட்யே டால்கிரென் என்ற ஆய்வாளர் செட் போட்டவர்களை 25 ஆண்டு வரை எக்ஸ்ரேயில் பின்தொடர்ந்து 1972-இல் வெளியிட்ட முடிவு இந்தத் துறையில் எல்லாரும் அறிந்தது: கரைவது நிற்பதே இல்லை; முதல் ஆண்டில் மிக வேகம்; கீழ் தாடை மேல் தாடையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு கரைகிறது. பாவப்பட்ட கீழ் செட்டுக்கு இது வேறு.

ஆகவே "செட் லூசாயிடுச்சு" என்பது பெரும்பாலும் செட்டின் குற்றமல்ல. செட் அப்படியே இருக்க, அடியில் தரை இறங்கிவிட்டது. உட்பக்கத்தில் புதிதாக அக்ரிலிக் படலம் சேர்த்து ரீலைன் செய்தால் பல நேரங்களில் சரியாகிவிடும். அதைச் செய்யாமல் கடையில் ஒட்டுப் பசை வாங்கி வருடக்கணக்கில் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். துத்தநாகம் கலந்த பசையை மிதமிஞ்சிப் பயன்படுத்திய சிலருக்கு உடலில் தாமிரச் சத்துக் குறைந்து, கை கால் மரத்து, நரம்பு பாதிக்கப்பட்டது தெரியவந்திருக்கிறது. 2010-இல் பெரிய நிறுவனம் ஒன்று தன் பசையிலிருந்து துத்தநாகத்தையே நீக்கியது. கீழ் தாடை மிகவும் கரைந்தவர்களுக்கு நல்ல வழி வேறு இருக்கிறது: எலும்பில் இரண்டு இம்பிளான்ட் வைத்து, அவற்றின் தலையில் பொத்தான் போலச் செட்டை மாட்டுவது. பல்லில்லாத கீழ் தாடைக்கு இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002-இல் மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். அறிவியலாகப் பார்த்தால் சரியான தீர்ப்பு. நம் பெரும்பாலான குடும்பங்களின் பணப்பையைக் கேட்டால் வேறு பதில் வரும்.

ஒன்றிரண்டு பல் மட்டும் போனவர்களுக்கான கழற்றி மாட்டும் பகுதி செட் தனிக் கதை. கோபால்ட்-குரோமியம் உலோகத்தில் செய்தால், பக்கத்துப் பல்லின் மீது தாங்கி உட்கார்ந்து, கால் மில்லிமீட்டர் பள்ளத்தைக் கொக்கியால் பிடித்து நிற்கும். வெறும் அக்ரிலிக் என்றால் ஈறின் மீதே அழுந்தி நாளடைவில் கீழே இறங்கும். இரண்டையும்விட மோசமானது, "ஒரே நாளில் நிரந்தரப் பல்" என்று பலகை மாட்டி, அக்ரிலிக்கைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து வாயிலேயே அப்பிவிடுவது. அடியில் அழுக்கு சேர்ந்து, நல்ல பல்லும் ஆடத் தொடங்கும். சிறிய செட்டுகள் தொண்டைக்குள் போகும் ஆபத்தும் உண்டு. சாதாரண அக்ரிலிக் எக்ஸ்ரேயில் தெரியாது. மயக்க மருந்து கொடுக்கும் எந்த அறுவைச் சிகிச்சைக்கும் முன்னால், கழற்றும் பல் இருப்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

இரவில் செட்டைக் கழற்ற வேண்டும். தூங்கும்போதும் போட்டிருந்தால் அதன் அடியில் கேண்டிடா பூஞ்சை வளர்ந்து, அண்ணம் செட்டின் வடிவத்துக்கே சிவந்துபோகும்; வலிக்காததால் பலருக்குத் தெரிவதுகூட இல்லை. 85 வயது தாண்டிய 524 பேரை ஜப்பானில் பின்தொடர்ந்து 2015-இல் வெளியான ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. கழற்றிய செட்டை மென்மையான பிரஷ்ஷும் சோப்பும் போட்டுக் கழுவலாம். பற்பசையின் நறநறப்பு அக்ரிலிக்கைக் கீறிவிடும். கழுவும்போது அடியில் ஒரு பாத்திரத் தண்ணீர் இருக்கட்டும், கை நழுவினாலும் உடையாது. கொதிநீர் ஊற்றினால் வளைந்துவிடும். இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறட்டும்.

இரண்டு வாரமாகியும் ஆறாத புண் எதையும் "செட் உரசினது" என்று தள்ளிவிடாதீர்கள், முக்கியமாக வெற்றிலை பாக்கு, புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள். வலியே இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை செட்டோடு போய் வாயைக் காட்டுங்கள். புதுச் செட்டுக்கு அளவு கொடுக்கப் போகிறவர்கள் பழையதைத் தூக்கிப் போட்டுவிடாமல் கையோடு எடுத்துப் போங்கள். எவ்வளவு உயரத்துக்குப் பழகிய வாய், எந்தப் பக்கம் தேய்ந்தது என்று மருத்துவர் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். ஆனால் அதை வாயில் மாட்டிக்கொண்டு போகாதீர்கள். முந்தைய நாளே கழற்றிவிடுங்கள். அழுந்திக் கிடந்த ஈறு தன் வடிவத்துக்குத் திரும்ப ஒரு நாளாவது பிடிக்கும். அழுந்திய ஈறில் எடுத்த அளவு புதுச் செட்டிலும் அதே பழைய கோளாறைக் கொண்டுவந்துவிடும்.